கேட் ஓரத்துச் செடி

என் மனைவி இரண்டு செம்பருத்திகள் வைத்திருந்தாள். ஒன்று தொட்டியில். அதற்குக் குளிர் ஆகாது; பனிக்காற்று தொடங்கியதும் வீட்டுக்குள் வந்து, ஜன்னலோரச் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கேட் ஓரம், மண்ணில். ஷாரோன் ரோஜா என்று பெயரே தவிர அது ரோஜா இல்லை, செம்பருத்தியின் ஒன்றுவிட்ட தங்கை. பனியில் மொட்டையாக நிற்கும், கோடையில் ஊதாவாகப் பூக்கும். “ஒண்ணு செல்லம், ஒண்ணு முரடு” என்பாள்.

குளிர்காலத்தின் நடுவில் அவள் போய்விட்டாள்.

வசந்தம் வந்ததும் நானும் மகளும் தொட்டியை வெளியே தூக்கி வைத்தோம். எடுத்த எடுப்பில் வெயிலில் வைக்காமல், நிழலில் சில நாள் பழக்க வேண்டும் என்பது மகளுக்கு நினைவிருந்தது. தொட்டிச்செடி மொட்டு வைத்தது. தெரு மரங்களெல்லாம் பச்சை கட்டின. கேட் ஓரத்துச் செடி மட்டும் விறகாகவே நின்றது.

என் மனைவியின் தம்பி தரைக்கல் பதிப்பவன். முன்வாசலுக்குக் கல் போட்டுத் தருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தான். கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன.

“அத்தான், கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அந்தச் செடி போயிடுச்சு. வேரோட எடுத்துட்டா கல்லு நேரா ஓடும்.”

“இன்னும் கொஞ்சம் பொறுடா.”

“பொறுத்தா விறகு துளிர்க்குமா?”

“உன் தலையில முடி வரும்னு உங்க அக்கா கடைசி வரைக்கும் நம்பினாளே.”

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, அடுத்த ஞாயிறு வரை தவணை கொடுத்தான்.

செடிதானே என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அவளுடைய துணிமணிகளைக் கொடுத்தாகிவிட்டது. அவள் கைபட்டதில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தவை இந்த இரண்டும்தான். அதிலும் ஒன்றை நான் சாகவிட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால், உள்ளே பச்சை இருந்தால், உயிர் இருக்கிறது. அவள் அப்படித்தான் பார்ப்பாள். வேலைக்குப் போகும்போது கேட்டைத் திறக்கிற சாக்கில், கைக்கு எட்டிய கிளையைச் சுரண்டுவேன். மெல்லிய பச்சை தெரியும். சாயங்காலத்துக்குள் சந்தேகம் வந்துவிடும். மறுபடி சுரண்டுவேன்.

ஞாயிறன்று கடப்பாரையோடு வந்தவன் செடிக்கு முன்னால் நின்று கத்தினான்.

“யாரு இதைத் தோலுரிச்சது? எலியா?”

அந்தக் கிளை சுற்றிலும் பட்டையில்லாமல், எலும்பு மாதிரி வெளுத்திருந்தது.

“நான் எப்பவாச்சும்தான் சுரண்டினேன்” என்றாள் மகள்.

“நான் தினமும்” என்றேன்.

மகள் அவனைப் பார்த்தாள். “மாமா, நீங்க?”

அவன் கடப்பாரையைக் கை மாற்றினான். “வர்றப்ப எல்லாம்... லேசா.”

“மூணு பேரும் ஒரே கிளையையா? வேற கிளையே இல்லையா?” என்றாள் மகள்.

“கேட்டைத் திறந்தா அதுதானே கைக்கு வருது!” என்றேன்.

என் மனைவி போன பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்தபின் அவன் குனிந்து, அடித்தண்டைக் கத்தி நுனியால் கீறினான். ஈரப் பச்சை. எழுந்து போய், கல் வரிசைக்குக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தான்.

“வட்டமா இடம் விட்டுப் போடுறேன். கல்லை வெட்டி வெட்டி என் கை போகப்போகுது.”

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் இலை வந்தது. எல்லாச் செடிக்கும் கடைசியில் விழிக்கிற சாதி அது. பூக்கும்போது மட்டும் அதைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? உரித்த கிளை மட்டும் செத்தது. மற்றதெல்லாம் கோடை முடியும்வரை பூத்தது.

பூ ஓய்ந்ததும், காய் வெடிக்குமுன் அவள் கத்தரித்துவிடுவாள். அதையும் நாங்கள் கவனித்ததில்லை. பார்க்க நன்றாயிருக்கிறதே என்று விட்டுவிட்டோம். மறு வசந்தத்தில் கல் இடுக்கெல்லாம் குட்டிச் செடிகள் முளைத்தன.

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

“பார்த்துடா, உங்க அக்கா செடி.”

“அதான் சொன்ன பேச்சு கேக்கலை.”

பிடுங்கியதை எறியாமல், வேர்மண்ணோடு ஈரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எங்கே கொண்டு போறே?”

“எங்க வீட்டு கேட்டுக்கு. ரெண்டு பக்கமும் வைக்கப்போறேன். அப்பனும் மகளும் அங்க வந்து கை வச்சீங்க, கொன்னுடுவேன்.”