ஒரு ஆள் அதிகம்

“இன்னும் ஒரு ஆள் எறங்கணும்,” என்றான் பரிசல்காரன் தியோடர். சவப்பெட்டி பரிசலின் நடுவில் இருந்தது. சுற்றிலும் பட்டணத்து நீலசந்திராவிலிருந்து வந்த உறவெல்லாம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு என்ன, குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டவர்களா!

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அல்போன்சா ஆற்றைப் பார்த்தாள். அர்க்காவதி செக்கச்செவேலென்று புரண்டு ஓடியது; மேலே எங்கேயோ மழை கொட்டியிருந்தது. கல்லறையோ அக்கரையில், கோயிலை ஒட்டி. அப்பா ஓஸ்வால்ட் ஆயுசெல்லாம் பரிசல் தள்ளிய துறை இது. ஒரு நாளும் அவர் ஆளை ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோனது வெறும் காய்ச்சல்தான்.

“கூடப்பொறந்தவன் நான். நான் எப்படிப்பா எறங்கறது?” என்றார் சித்தப்பா ஞானசேகரன். “ஸ்வல்ப நகந்து உக்காந்தா சரியாப் போயிடும்.”

“அண்ணனுக்கு ஒரு பிடி மண்ணு போட வேணாமா நான்?” பிரிஜெட் அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

நகர்ந்தார்கள். பரிசல் சாய்ந்து, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே சிந்தியது. தியோடர் அப்பாவிடம் தொழில் கற்றவன்தான். ஆனால் துக்க வீட்டாரை அதட்டி இறக்க அவனுக்கு வாய் வரவில்லை.

அல்போன்சாவின் கல்யாணத்தன்றும் இதே நெரிசல். அன்று அப்பா நேரே அவளைத்தான் பார்த்தார். “வந்தவங்களை எறங்கச் சொல்ல முடியாதும்மா. நீ எறங்கு, அடுத்த நடைக்குக் கூட்டிப் போறேன்.” மணப்பெண் வெள்ளைச் சேலையோடு சேற்றில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பாவி மனுஷன், பெற்ற மகள் மானத்தை இப்படியா வாங்குவார் என்று வருஷக்கணக்கில் பொருமியிருக்கிறாள்.

அல்போன்சா பெட்டியின் மேல் கை வைத்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

“ஐயோ, மகளே எறங்கினா எப்படிம்மா?” அத்தை அலறினாள்.

“அடுத்த நடைக்கு வர்றேன் அத்தே. யாரும் எழுந்திருக்காதீங்க. தியோடர், நீ போ.”

பரிசல் சுழன்று சுழன்று போனது. அது அக்கரை தொடும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். தியோடர் பரிசலை மறுபடி தண்ணீருக்குள் தள்ளினான். இதற்குள், அவள் கால் வைத்து இறங்கிய கல் மூழ்கிவிட்டது.

கல்லறை வரை அப்பாவோடு போகவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அல்போன்சா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தாள். ஆறு ஏறினால் அப்பா காட்டும் சைகை அது: வராதே.

தியோடர் பரிசலைக் கரைக்கு இழுத்து மரத்தில் கட்டினான்.

அக்கரையில் மணி அடித்தது. அவள் குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை அள்ளினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.