தெருவுக்கு அந்தப் பக்கம் மிட்டாய்

எங்கள் தெருவின் நடுவில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் கன்சாஸ் மாநிலம், அந்தப் பக்கம் மிசூரி மாநிலம். நாற்பது வருஷமாக அந்தக் கோட்டை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அங்கே பெட்ரோல் போடுவேன், இங்கே ரொட்டி வாங்குவேன். என் கணவர் வெர்லினுக்குக் குடலில் புற்றுநோய் வந்த பிறகுதான் அந்தக் கோட்டுக்கு இவ்வளவு திமிர் இருப்பது தெரிந்தது.

கீமோ ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு எதைத் தின்றாலும் வாந்தி. அடுத்த வாரம் வியாழக்கிழமை எடை நூற்று முப்பது பவுண்டுக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் நூற்று இருபத்தெட்டு. வெளியே வரும்போது நர்ஸ் என் காதோடு சொன்னாள்: "கஞ்சா மிட்டாய் சிலருக்குப் பசியைக் கிளப்பும். ஆனா கன்சாஸ்ல நின்னுக்கிட்டு நான் இதைச் சொல்லல."

கன்சாஸில் கஞ்சா குற்றம், மிசூரியில் சட்டப்படியே விற்கலாம். அந்தப் பக்கத்துக் கஞ்சாக் கடை எங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கல்லாவில் இருந்தாள்.

"வீட்டுக்குக் கொண்டு போலாமா?" என்றேன்.

"வீடு எங்க மேடம்?"

"இதோ, பச்சைக் கதவு."

"அது கன்சாஸ். ரோட்டைத் தாண்டினா குத்தம்."

"புருஷனுக்கு கேன்சர். டாக்டர் சீட்டு வாங்கிட்டா?"

"அங்க சீட்டுக்கும் மதிப்பில்ல."

"சரி, அவரைக் கூட்டிட்டு வந்து இங்கயே கொடுக்கறேன்."

"கடைக்குள்ள கூடாது."

"வாசல்ல?"

"பொது இடம்."

"கார்ல?"

"அதுவும் கூடாது."

"அப்ப எங்கதான்மா சாப்பிடறது, மரத்து மேலயா?"

"மரம் யாரோடதுன்னு பாக்கணும்," என்றாள் அவள், சிரிக்காமல். "மிசூரியில யாரோட வீடாவது வேணும். வீட்டுக்காரங்க சம்மதிக்கணும்."

எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. மிசூரியில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, வெர்லினின் அக்கா ஒபாலின் வீடு. அவளோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஒபால் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். அம்மாவின் கைப்பக்குவம் என்று அவளும் தலையாட்டினாள். கடையில் விற்கும் சாலட்டின் காலி டப்பா குப்பைத்தொட்டியில் கிடந்ததை நான் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். எடுத்துக் கழுவி, அவள் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தாயைப் புதைத்துவிட்டு வந்தவளுக்குச் சமைக்கத் தெம்பிருந்திருக்காது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

போய்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். வலைக்கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டாள் ஒபால்.

"அவன் வரட்டும். அவன் என் தம்பி. மிட்டாய் என் வீட்லயே இருக்கட்டும். நீ வர வேண்டாம்."

"நான் எதுக்கு வரேன்?" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வெர்லின் தடியை ஊன்றி ரோட்டைக் கடந்தார். நடுக்கோடு வரை நான் பிடித்துக்கொண்டு போவேன். அங்கே ஒபால் வந்து அவருடைய மறு கையைப் பிடித்துக்கொள்வாள். என்னைப் பார்க்கமாட்டாள். கார்கள் நின்று ஹார்ன் அடிக்கும். மிட்டாய் வேலை செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும். அவருக்குப் பசிக்கும்போது பக்கத்தில் இருப்பவள் அவள்தான். நான் காலையிலிருந்து கொதிக்கவைத்த சூப் இங்கே ஆறிக்கிடக்கும்.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்படி என்னதான் போடறா?"

வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உருளைக்கிழங்கு சாலட்."

"அவளே செஞ்சதா?"

"கடை டப்பா. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். வாந்தி வரல." பிறகு சொன்னார், "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில், அந்த டப்பாவால்தான் என் கணவர் பிழைக்கவேண்டும் என்றிருக்கிறது.

வியாழக்கிழமை எடைக்கருவி நூற்று முப்பத்தொன்று காட்டியது. டாக்டர் மருந்தை ஏற்றச் சொன்னார்.

மறுநாள் மருந்து ஏறிய அசதியில் வெர்லினால் எழுந்து நடக்கவே முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். கடையில் வாங்கிய சாலட் டப்பாவை மூடியோடு, விலைச்சீட்டோடு அவர் மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நடுக்கோட்டில் ஒபால் நின்றிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள். முதல் தடவையாக என்னையும் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது, ஒபால்," என்றேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

அவள் நாற்காலியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள், இன்னொன்றை எனக்கு விட்டுவிட்டு.

"நீயும் உள்ள வா," என்றாள். "இதைக் கிண்ணத்துல மாத்தணும்."