ஏழாவது குடுவை

லேபில் குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் ஷேக்கரின் சூடு பொத்தான் அணைந்திருந்தது. மேற்கு ஜன்னல் இரண்டு கதவும் திறந்து கிடக்க, உள்ளே வந்த சாரல் என் நோட்டுப் புத்தகத்தை நனைத்திருந்தது. குடுவை மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கிளம்பியது.

அது ஏழாவது முயற்சி. மனித உடம்பில் இருக்கும் ஒரு குட்டிப் புரதத்தின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அதையே அந்தப் புரதத்தைச் செய்ய வைப்பதுதான் என் ஆராய்ச்சி. பெயர் நீளம், நாங்கள் ஹெச் ஃபைவ் என்போம். வெயில் பட்டு டி.என்.ஏ. சேதமானால் பழுது பார்க்கிற கூட்டத்தில் அதுவும் ஒரு ஆள். மரபணுவைப் படியெடுக்கிற வேலைக்கும் அதே கூட்டம்தான் போய் நிற்கும். இது சரியில்லாமல் பிறக்கிற குழந்தைகளில் சிலருக்கு வெயில் ஆகாது, தலைமுடி தொட்டால் ஒடியும். உடம்புக்குள் இத்தனை சமர்த்தான புரதம், என்னிடம் மட்டும் ஆறு தடவையும் கட்டிதட்டிக் கசடோடு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தெளிநீரில் கரைந்து நின்றால்தான் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

குளிர்ச்சியில் வளர்த்தால் புரதம் நிதானமாக மடியும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஷேக்கருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும். மே மாத வெயிலில் சுற்றிலும் ஐஸ் பாக்கெட் அடுக்கி முப்பது டிகிரிக்கு இறக்கினேன். அதற்குக் கீழே அசையவில்லை. இந்தத் தடவையும் கரையாவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று வழிகாட்டி சண்முகநாதன் சார் சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருஷ உழைப்பும் போச்சு.

முந்தின நாள்தான் குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ராயகிரியிலிருந்து வந்த அத்தை என்னையும் குளிக்க இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது லேப் உதவியாளர் பாண்டிராஜ் அண்ணனிடம், சாயங்காலம் ஒருதடவை குடுவையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அவர் டீயோடு வந்தார். கேட்டேன்.

"நான்தான் மேடம் அமத்துனேன். ஊரே குளுந்து கெடக்கு, இது மட்டும் எதுக்கு வெந்துக்கிட்டு கெடக்கணும்? நல்ல காத்து வருதேன்னு ஜன்னலையும் தொறந்து வுட்டேன்."

கத்திவிட்டேன். மூன்று வருஷம், தலைப்பு, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவர் டீயை மேஜையில் வைத்துவிட்டு, தப்பென்றால் சாரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு இன்னும் சங்கடமாகப் போனது. அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க ஷேக்கர் தட்டிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்து நான்கு.

மலை முழுக்க மேகத்துக்குள் கிடந்தது. முந்தின நாள் அருவிக்கடியில் பல் கிட்டிப்போய் நின்றவள் நான். அருவிக்குப் பக்கத்திலேயே, மேலகரத்தில் பிறந்து வளர்ந்தும், காற்று மாறியதைக் கவனிக்காமல், கோடையில் வைத்த அதே முப்பதைத் திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பாக்டீரியாவை உடைத்து, வேகமாகச் சுழற்றி, கசடைத் தனியாகவும் தெளிநீரைத் தனியாகவும் பிரித்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். ஜெல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி, அது வெளுக்க மத்தியானம் முழுக்கக் காத்திருந்தேன். பாண்டி அண்ணனும் சாப்பிடப் போகவில்லை. சார் வந்து பின்னால் நின்றார்.

விளக்குப் பெட்டியின் மேல் ஜெல்லை விரித்தேன். எங்கள் புரதம் சின்னது என்பதால் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஜெல்லின் அடிக்கு ஓடிவிடும். கசடின் தடத்தில் அந்த இடத்தில் ஒரு கீற்றுதான் இருந்தது. தெளிநீரின் தடத்தில், அதே இடத்தில், மை தொட்டு இழுத்த மாதிரி தடித்த கோடு.

"கரஞ்சிட்டா மேடம்?"

"கரஞ்சிட்டுண்ணே." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஜெல்லையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை டிகிரி, யார் வைத்தது என்று சார் கேட்டார். நான் பாண்டி அண்ணனைக் காட்டினேன். ஒரு குடுவை போதாது, இன்னும் இருபது குடுவையாவது வேண்டும் என்றார் சார். சீசன் கூட்டத்தையும் வண்டி நெரிசலையும் திட்டிக்கொண்டு, ஆனி பிறந்தாலே ஜன்னலைச் சாத்தச் சொல்கிறவர் அவர்.

"சாரல் எத்தன நாளைக்குய்யா இருக்கும்?"

"அது குத்தாலநாதருக்குத்தான் சார் தெரியும்."

சார் ஜன்னலருகே போனார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, கையை வெளியே நீட்டி, உள்ளங்கை நனைய நனைய அப்படியே நின்றுகொண்டிருந்தார்.