கணக்கில் வராத சொட்டுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். உயிரணுக்களை உடைத்துச் சாறெடுத்து, அதில் மரபணுவைக் கலந்து, எண்ணெய்க்குள் கண்ணுக்கே தெரியாத சொட்டுகளாக்கி விடுவது அவள் வேலை. உயிரணு செத்தாலும் சாறு சும்மா இருக்காது. மரபணு உள்ளே இருந்தால் போதும், புரதம் செய்ய ஆரம்பித்துவிடும். அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு புரதம்.

சொட்டு சிறுக்கச் சிறுக்கப் புரதம் கூடுகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். இடத்தை நெருக்கினால் வேலை சூடுபிடிக்குமாம்! பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். அதை வைத்து அவளுக்கு நிரந்தர வேலை என்று பேச்சு. வேறு ஊரில் இருக்கும் கணவனும் மகளும் இனி அவளோடு வந்துவிடலாம். போனிலேயே குடும்பம் நடத்தி அலுத்துப்போன அந்த மனுஷன், நேற்றுத்தான் தன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தான்.

இன்று, அவள் கட்டுரையை வெளியிடவிருந்த ஆய்வுப் பத்திரிகையிலிருந்து அட்டைக்குப் படம் கேட்டார்கள்.

“வெறும் பச்சையா இருந்தா பாசி பிடிச்ச மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் அழகு பண்ணு” என்றார் பேராசிரியர்.

சாற்றில் கொஞ்சம் சிவப்புச் சாயம் கலந்து, சொட்டுகளாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பச்சைச் சொட்டுகள் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு நடுவே, வெறும் எண்ணெய் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்த இருட்டில், சிவப்புச் சொட்டுகள். கொத்துக் கொத்தாக. ஒன்றில்கூடப் பச்சை இல்லை.

எண்ணுவது கம்ப்யூட்டர். பச்சையாக இருப்பதுதான் சொட்டு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் இவள். பெரிய சொட்டு என்றால் மரபணு எப்படியும் உள்ளே போய்விடும். சின்னதில் பலவற்றுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. அவை இருண்டு கிடக்கும். தேறிய பிள்ளைகளின் மார்க்கை மட்டும் கூட்டி, வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்ற கதைதான். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாள். சின்னதோ பெரியதோ, சராசரி ஒன்றுதான்.

படத்தை அழித்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்படி நினைக்கவில்லை என்றால் பொய். நினைத்துவிட்டுத்தான் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் படத்தையும் புதுக் கணக்கையும் பார்த்தார்.

“கட்டுரையைத் திரும்ப வாங்கிடணும்.”

“ஆமா சார்.”

“அப்புறம் அந்த வேலை…”

“தெரியும் சார்.”

பெரிய மனுஷன், நாலு வார்த்தை திட்டியாவது தொலைத்திருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்து கணவனைக் கூப்பிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“நேத்தே பாத்திருக்கக் கூடாதா?” என்றான் அவன். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“நேத்து யாரும் அழகா வேணும்னு கேக்கலைங்க.”

அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா, ஸ்கூல்ல எல்லாருக்கும் டாட்டா சொல்லிட்டேன். நாம இனிமே ஒண்ணா இருக்கப் போறோம்ல?”

பேராசிரியரிடம் தடுமாறாமல் சொன்னவள்தான் அவள்.

“அப்பாகிட்ட குடு கண்ணு” என்றாள்.