கென்னத் வீட்டு டெலிபோன்

பாக்கார் ஆராங் டவுனில் அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் டெலிபோன் நம்பர் ஒன்றுதான். அது கென்னத்துடைய நம்பர். லைன் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்து சலித்துப்போனவர்கள், பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ எங்கே நம்பர் கேட்டாலும் கூசாமல் அவன் நம்பரைக் கொடுத்தார்கள். அவன் மனைவி கேதரின் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "அக்கா, ஒங்களுக்குப் போன்!" என்று நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தொண்டை கட்டினால் அந்த வரிசைக்கே வெளியுலகம் இல்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்த காளியம்மாவுக்கு அந்த டெலிபோன் மேல் தனிப் பிரியம். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் பிரேமாவதிக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும், டவுனுக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த புதிதில் யார் போனும் வராவிட்டால்கூடக் கேதரினிடம் பேசும் சாக்கில் போய் அந்தக் கறுப்புக் கருவியைத் துணியால் துடைத்துவிட்டு வருவாள்.

அவளுக்குப் பிடிக்காதது டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொன்று. கென்னத் பிறை ஊர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. சம்பாதித்ததை எல்லாம் கொட்டி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அதற்கும் டெலிபோன் கம்பிக்கும் நடுவில் சிவப்பு விளக்குகள் மினுக்கும் ஒரு சின்னப் பெட்டி. மோடம் என்றான். இரவில் அக்கம்பக்கத்துப் போன்கள் அடங்கிய பிறகு அதைப் போட்டுவிடுவான். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் யார் யாரோ தங்கள் கம்ப்யூட்டரால் அவன் நம்பரைக் கூப்பிடுவார்கள். மனிதர் யாரும் எடுக்க வேண்டாம். பெட்டியே எடுக்கும். அவர்கள் சேதி எழுதி வைப்பார்கள், மற்றவர் எழுதி வைத்ததைப் படிப்பார்கள், போய்விடுவார்கள்.

"ஊரு பேரு தெரியாதவன்லாம் எதுக்குத் தம்பி ஒன் வீட்டுக்கு வர்றான்?" என்று கேட்டாள் காளியம்மா.

"வீட்டுக்கு வரல அக்கா. கம்பி வழியா வந்து சேதி வெச்சிட்டுப் போறாங்க லா."

"கதவத் தட்டாம வந்துட்டுப் போறவன் பேரு எங்க தோட்டத்துல திருடன்."

கென்னத் சிரித்தான். அவனுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தாலே போதும், திட்டினாலும் சந்தோஷம்தான்.

அந்த வருஷம் பிரேமாவதிக்கு வரன் பார்த்தார்கள். லூனாஸிலிருந்து தரகர் பிச்சை கொண்டுவந்த மாப்பிள்ளை பெயர் ரமணி. ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டர். அவன் அப்பா பழனியாண்டி, தோட்டத்தில் தண்டலாக இருந்து வேலையாட்களை மேய்த்துப் பழகியவர், பேச்சிலும் அந்த அதிகாரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெண் பார்க்க வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களுக்கும் உதட்டைப் பிதுக்கிய பிரேமாவதி, அன்றைக்குத் தட்டு கழுவிக்கொண்டே, "அவங்க வேணாம்னு சொல்லாம இருந்தா நல்லா இருக்கும்மா" என்றாள். மகள் வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்ட ஒன்று கைநழுவிவிடக் கூடாதே.

பழனியாண்டி போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "கோயில்ல பூக் கட்டிப் பாத்துட்டு, வெள்ளிக்கெழம நல்ல நேரத்துல போன் பண்றேன்மா. அந்த நேரத்துல காதுல விழுற மொத சொல்லு எனக்கு முக்கியம். எங்க குடும்பத்துல அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை காலை காளியம்மா தலை முழுகி, திருநீறு பூசி, கென்னத் வீட்டு ஹாலில் டெலிபோனுக்குப் பக்கத்தில் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தாள். அந்த முதல் சொல் 'முருகா'வாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். கென்னத் வேலைக்குப் போயிருந்தான். போகும் அவசரத்தில் பெட்டியைக் கேதரின் அணைத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். அவன் அணைத்துவிட்டுத்தான் போயிருப்பான் என்று கேதரின் நினைத்தாள். பெட்டி யாரைப் பற்றியும் ஒன்றும் நினைக்கவில்லை, விழித்துக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது. காளியம்மா கை நீட்டுவதற்குள் பெட்டி முந்திக்கொண்டது. அவள் காதில் வைத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம், இரும்பைக் கல்லில் தேய்த்ததுபோல், மண்டைக்குள் இறங்கியது.

"ஐயோ!" என்று அலறினாள்.

கருவி கையிலிருந்து விழுந்தது. கேதரின் அடுக்களையிலிருந்து ஓடிவந்து பெட்டியை அணைத்து, எடுத்துக் காதில் வைத்தபோது, லூனாஸ் பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் பிச்சை மோட்டார் சைக்கிளில் வந்து, உட்காராமலே சொன்னார். "பூ நல்லாத்தான் வந்துச்சாம். ஆனா நல்ல நேரத்துல போன எடுத்தா ஏதோ பேய் கத்துற மாதிரி சத்தமாம், பின்னாடியே பொம்பள கொரல்ல ஐயோன்னு கேட்டுச்சாம். மொத சொல்லே ஐயோன்னா எப்புடி? அவரு பயந்துட்டாரு. வேற எடம் பாக்கச் சொல்லிட்டாரு."

பிரேமாவதி எப்போதும்போல ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனாள். அது காளியம்மாவைக் கொன்றுபோட்டது. மகள் அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

அந்தக் கோபம் முழுவதையும் கொண்டுபோய்க் கென்னத் தலையில் கொட்டினாள். "ஒன் பெட்டி என் மக வாழ்க்கையக் கெடுத்துருச்சுடா தம்பி!" கென்னத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி, தனியாக உட்கார்ந்தபோது, காளியம்மாவுக்கு வேறொன்று உறுத்தியது. கீச்சென்றது பெட்டி. சரி. ஐயோ என்றது யார்? தோட்டத்தில் இருந்த காலத்தில் மாரியம்மன் திருவிழாவில் காளியம்மா குலவை போட்டால் அடுத்த டிவிஷன் வீடுகளுக்குக் கேட்கும். புருஷன் போன பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் போய் நின்றால் இப்படித்தான் ஆகும் என்று நாலு பேர் சொல்வார்கள். நாலு பேர் என்ன, அவள் மனசே அதைத்தான் சொல்லிற்று.

ஞாயிற்றுக்கிழமை கென்னத் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பிச்சையை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு லூனாஸுக்குப் போனான். என்ன பேசினானோ, மத்தியானம் ஒரு வாடகைக் காரில் பழனியாண்டியும் ரமணியும் வந்து இறங்கினார்கள். காளியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கென்னத் வீட்டு வாசலோரம் நின்றாள். பிரேமாவதி அவளுக்குப் பின்னால்.

பழனியாண்டி உட்காரவில்லை. "எங்க தம்பி அது? மறுபடி கத்தச் சொல்லு பாப்போம்."

கென்னத் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். பெட்டி தானே நம்பரைச் சுழற்றியது. எங்கோ மணி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கீச்சு. காளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது ஈப்போவுல ஜூலியஸ்னு ஒருத்தரு வீட்டுல இருக்கற மோடம் அண்ணே. நான் இருக்கேன்னு கொரல் குடுக்குது. இப்பக் கேளுங்க, இது நம்மளோடது, பதில் சொல்லுது. ரெண்டும் பேசி முடிவு பண்ணுதுங்க."

"என்னா முடிவு?"

"எவ்ளோ வேகமாப் பேசறதுன்னு. என்னோடது புதுசு, வேகமாப் பேசும். அவரோடது பழசு, அவ்ளோ வேகம் வராது. அதத் தெரிஞ்சிக்கிட்டு என்னோடது தன் வேகத்தக் கொறச்சிக்கும். ரெண்டும் ஒத்துப்போன பொறகு சத்தமே இருக்காது."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் நின்றது. திரையில் பச்சை எழுத்துகள் வரிசை வரிசையாக இறங்கத் தொடங்கின. பழனியாண்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"யாரு எழுதறா?"

"ஜூலியஸ்தான். ஈப்போவுல ஒக்காந்து இப்பத் தட்டறாரு. நான் எப்படி இருக்கேன்னு கேக்கறாரு."

"ரொம்பப் பழக்கமா?"

"ரெண்டு வருஷமாப் பழக்கம். நேர்ல பாத்ததில்ல."

பழனியாண்டி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "மூஞ்சி பாக்காமலயா?"

"போன வருஷம் கேதரினுக்கு ஆபரேஷன் ஆனப்ப, இதுல எழுதி வெச்சேன். அவரு படிச்சிட்டு சிங்கப்பூர்ல ஒருத்தருக்குத் தள்ளிவிட்டாரு. அவரு இன்னும் நாலு பேருக்கு. எங்கெங்கேயோ இருக்கறவங்க வேண்டிக்கிறோம்னு எழுதினாங்க. ஆஸ்ட்ரேலியாவுல இருந்துகூட ஒருத்தர். யாரையும் எனக்குத் தெரியாது அண்ணே."

கேதரின் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டே தலையசைத்தாள். காளியம்மாவுக்கு அது புதுச் சேதி. கேதரின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள்தான் கஞ்சி கொண்டுபோனாள். தான் ஒருத்தி மட்டுமே அவளை நினைத்துக்கொண்டிருந்ததாக அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கடல் தாண்டி முகமறியாதவர்களும் நினைத்திருக்கிறார்கள். திருடர்கள் என்று சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக வந்தது. முதல் முறையாக அந்தப் பெட்டியை அவள் சரியாகப் பார்த்தாள். ஒரு முழம்கூட இல்லை. இத்தனை பேர் இதற்குள் வந்து போகிறார்களா!

ரமணி நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடித் தேடித் தட்டினான். 'பெண் வீட்டில் இருக்கிறோம், இந்த மெஷின் சத்தத்தால் கல்யாணம் நின்றுகிடக்கிறது' என்று எழுதியதாகக் கென்னத் படித்துச் சொன்னான். பிரேமாவதி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ஈப்போவிலிருந்து பதில் இறங்கியது.

'கல்யாணம் நடந்தால் எனக்கும் சாப்பாடு உண்டா?'

ரமணி சிரித்துவிட்டான். பழனியாண்டி சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வேகமாப் பேசறது," என்றார் மெதுவாக, "மெதுவாப் பேசறதுக்காக எறங்கி வருதுன்னியே. யாரு சொல்லிக் குடுத்தா அதுக்கு?"

"அப்படித்தான் செஞ்சி வெச்சிருக்காங்க. எறங்கி வரலன்னா பேச்சே நடக்காது."

"ம்" என்றார் பழனியாண்டி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் காளியம்மாவைக் கடக்கும்போது நின்றார். "முடிவ இங்க சொல்லக் கூடாதும்மா. வெள்ளிக்கெழம, நல்ல நேரத்துல, போன்லதான்."

அந்த வாரம் காளியம்மா சோறு தின்றாளோ இல்லையோ, 'முருகா' சொல்லிப் பழகினாள். வியாழக்கிழமையே கென்னத் பெட்டியைக் கழற்றி அலமாரி மேல் ஏற்றிவைத்தான். வெள்ளிக்கிழமை லீவும் போட்டுவிட்டான். பிரேமாவதி டாக்டரிடம் எம்.சி. எடுத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிக் கேதரின் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. காளியம்மா எடுத்தாள்.

"முருகா..."

அந்தப் பக்கம் யாரோ செருமினார்.

"சம்பந்தி, நான் காளியம்மா பேசறேன்."

"தெரியுது," என்றார் பழனியாண்டி. "எங்கம்மா அந்தச் சத்தம்?"

"அதக் கழட்டி மேல வெச்சாச்சுங்க! இனிமே கத்தாதுங்க!"

"அது வேணும்மா. பூ நல்லா வந்துச்சு, மறுநிமிஷம் அந்தச் சத்தம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒத்துப்போறதுக்குப் போடற சத்தத்த நான்தான் அபசகுனம்னு நெனச்சிட்டேன். அது இல்லாம நான் எப்படிச் சம்மதம் சொல்றது? தம்பிய மாட்டச் சொல்லுங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள திரும்ப அடிக்கிறேன்." பொதுப் போனில் காசு விழும் ஓசையோடு பேச்சு அறுந்தது.

கென்னத் நாற்காலி மேல் ஏறிப் பெட்டியை இறக்கினான். கம்பியை மாட்டப் போனான். கேதரின், "சீக்கிரம் லா, சீக்கிரம் லா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிவப்பு விளக்குகள் எரிந்தன. மணி அடித்தது. பெட்டி எடுத்தது.

காளியம்மா கருவியைக் காதில் அழுத்திக்கொண்டாள். அதே கீச்சு, அதே கூர்மை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் இருக்கிறேன் என்று அது குரல் கொடுக்கிறது. பதில் வராமல் தனியாகவே கத்திக்கொண்டிருந்தது. பதில் கொடுக்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. யோசிக்கவில்லை. நாக்கு தானாகச் சுழன்றது. இத்தனை வருஷம் தொண்டையில் அடங்கிக் கிடந்த குலவை, பெட்டியின் சத்தத்தையும் தாண்டி, அந்த வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி எழுந்தது.

கென்னத் பெட்டியை அணைத்தான். கீச்சு நின்றது. அவளும் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அடுக்களை வாசலில் பிரேமாவதி வெங்காயக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மா," என்றது லூனாஸ் குரல். "கொலவ போட்டது யாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேதரின் என்று சொல்லிவிடலாம்.

"நான்தாங்க," என்றாள்.

அந்தப் பக்கம் இன்னொரு காசு விழுந்தது.

"நல்ல கொரலு," என்றார் பழனியாண்டி. "தையில கல்யாணத்த வெச்சுக்குவோம். அன்னைக்கும் நீங்கதான் போடணும். ஈப்போக்காரனுக்கும் சேத்து எல போடச் சொல்லுங்க."

காளியம்மா கருவியை மகள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டி மேல் படிந்திருந்த அலமாரித் தூசியை முந்தானையால் துடைத்தாள்.