தொட்டித் தெருவுக்கு இரண்டு வாரத் தவணை

"ஏம்மா, தொட்டித் தெருவுக்கு மட்டும் சைபர் காட்டுது?"

நிஷா மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பினாள். செண்பகம் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. திரையில் எட்டுத் தெருக்களுக்கு எட்டு நீலத் தூண்கள் நின்றன. ஒன்பதாவது இடம் விழுந்த பல் மாதிரி காலியாக இருந்தது.

ஆம்பூரில் ஓர் உதவி பெறும் பள்ளியின் நூலகர் செண்பகம். வேலூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், புத்தகப் பதிவேட்டை இணையத்தில் ஏற்றக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வருடப் பதிவை இரண்டே விரலால் ஒன்றரை மாதம் தட்டி ஏற்றினாள். வியாழக்கிழமை பயிற்சி அலுவலர் வந்து பார்க்கப்போகிறார். கல்லூரியில் படிக்கும் மகள், எந்தத் தெருவுக்கு எத்தனை புத்தகம் போனது என்று படம் போட்டுக் காட்டினால் அழகாக இருக்கும் என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். அழகு இப்படி வந்து நின்றது.

"அந்தத் தெரு புள்ளைங்க உள்ளயே ஒக்காந்து படிப்பாங்க."

"மூணு வருஷத்துல ஒருத்தர்கூட வீட்டுக்கு எடுத்துனு போலயா?"

"குடுக்கறதில்ல."

"ஏன்?"

பதில் கணவன் அன்பரசனிடமிருந்து வந்தது. "டேனரி ஜனங்கடி. பச்சைத் தோலோட பொழங்கறவங்க. புக்கு போனா நாத்தத்தோட திரும்பி வரும். உங்கம்மாவா இத கண்டுபுடிச்சா? ஆதியிலேர்ந்து அப்டித்தான்."

சொன்னவன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் சட்டையிலும் தோல்தான் வீசியது. ஆனால் இந்த ஊர் மூக்குக்கு இரண்டு விலை. டேனரியில் பதம்செய்யத் தொட்டியில் ஊறும்போது நாற்றம். அதே தோல் ஷூவாகி டப்பாவில் ஏறினால் வாசனை. வெளிநாட்டுக்காரன் மோந்து பார்த்துத்தான் ஆர்டரே தருகிறான்.

நிஷா அப்பாவின் சட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள்.

அந்த விதி எங்கும் எழுதப்பட்டதில்லை. பதினான்கு வருடத்துக்கு முன் பழைய நூலகர் சாவியைக் கொடுக்கும்போது, "தொட்டித் தெருவுக்கு மட்டும் வெளிய விடாதம்மா" என்றார். செண்பகம் தலையாட்டினாள். விதி அவ்வளவுதான், ஒரு தலையாட்டல். நல்ல புத்தகங்களை அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியே எடுத்து வைப்பாள். அதைக் கருணைக் கணக்கில் சேர்த்து நிம்மதியாகத் தூங்கியும் வந்தாள். நான்கு மணிக்கு மணியடித்ததும் அவர்கள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொள்வாள்.

போன வாரம் அந்தத் தெருவின் ஒன்பதாம் வகுப்பு சங்கீதா, "டீச்சர், இத நாளைக்கு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. எண்பத்தி ரெண்டாம் பக்கத்துல இருக்கேன்" என்றாள். மறுநாள் வந்து தானாகவே எண்பத்திரண்டைத் திறந்தாள். என்ன ஞாபக சக்தி என்று செண்பகம் அப்போது மெச்சினாள். அந்த ஞாபக சக்தி எங்கிருந்து வந்தது என்பது இப்போது, சோறு காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது.

மறுநாள் தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரம் படத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா மேடம் இது, அலுவலர் கண்ணுல பட்டா பேஜாராய்டும். ஜாதி அது இதுன்னு எழுதிட்டுப் போய்டுவார். கொஞ்சம் நிரப்பிடுங்க."

"இல்லாதத எப்டி சார் நிரப்பறது?"

"புள்ளைங்க இருக்கு, புக்கு இருக்கு. எழுதறதுதானே பாக்கி?"

எழுதினாள். தொட்டித் தெருவின் இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் போன மாதத் தேதி. சங்கீதாவின் பெயருக்கு நேரே அந்த எண்பத்திரண்டாம் பக்கப் புத்தகத்தையே போட்டாள். பொய்யிலாவது பிள்ளைக்குப் பிடித்தது கிடைக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒன்பதாவது தூண் எழுந்து நின்றது.

வியாழக்கிழமை அலுவலர் வந்து பாராட்டினார். தவணை தாண்டிய புத்தகங்களுக்கு வெள்ளிதோறும் காலையில் பெற்றோர் செல்பேசிக்குத் தானாகவே செய்தி போகும் என்று செண்பகம் காட்டியபோது, மற்ற பள்ளிகளும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பஞ்சாட்சரம் டீயோடு முந்திரி பிஸ்கட்டும் வரவழைத்தார்.

ஒன்றை மட்டும் அவள் மறந்திருந்தாள். புத்தகம் கொடுத்ததாக எழுதியவள், திரும்பி வந்ததாக எழுதவில்லை. தவணை இரண்டு வாரம்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நூலக வாசலில் சங்கீதாவும் அவள் அம்மா மீனாம்பாளும் நின்றார்கள். மீனாம்பாள் டேனரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நகக்கண்களில் தோல் மருந்தின் நீலம். பின்னால் படியில் அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள்.

"உள்ள வாங்கம்மா."

"இருக்கட்டும்மா, இங்கயே நிக்கறோம்." மீனாம்பாள் செல்பேசியை நீட்டினாள். "இவ எடுத்த புக்கு திரும்பி வர்லன்னு மெசேஜ் வந்துச்சு. வூடு பூரா தேடிட்டோம். அரிசி டிரம்மக்கூட கவுத்துப் பாத்தாச்சு. எடுக்கவேல்லன்னு சாதிக்கறா. தொலச்சிட்டு பொய் வேறயான்னு ரெண்டு போட்டேன்."

சங்கீதாவின் முழங்கைக்குக் கீழே கரண்டிக் காம்பு அகலத்துக்குத் தடித்திருந்தது. அந்தப் பெண் செண்பகத்தையே பார்த்தாள்.

"இந்த ஒரு வாட்டி, புக்கு வந்துடுச்சின்னு எழுதிடுங்கம்மா. ஏற்கெனவே எங்க தெருன்னா ஒரு பேரு. திருட்டுப் பேரும் ஜாஸ்தியா வேணாம்."

மலிவாகத் தீர்ந்துவிடும் பேரம். ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். செண்பகத்தின் கை மவுசுக்குப் போனது, அங்கேயே நின்றது.

"அவ எடுக்கலம்மா" என்றாள். "எடுத்ததா நாந்தான் எழுதினேன்."

"இன்னாத்துக்கு?"

"உங்க தெரு புள்ளைங்களுக்கு நான் வீட்டுக்குக் குடுத்ததே இல்ல. நாத்தம் புடிச்சிடும்னு. அது வெளிய தெரியக்கூடாதுன்னு எழுதினேன். இருவத்தி ரெண்டு பேருக்கும்."

படியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனாம்பாள் கத்தவில்லை. மகளின் கையைத் தூக்கி, தடிப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்போ எதுக்கும்மா நான் இவள அடிச்சேன்?"

செண்பகம் திரைப் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்பதாவது தூண் இறங்கி இறங்கித் தரையோடு போனது. அந்தப் படத்தை அலுவலருக்கும் தலைமை ஆசிரியருக்கும் அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'நேற்று காட்டியது பொய். இதுதான் உண்மை. பதினான்கு வருடமாக இப்படித்தான். செண்பகம், நூலகர்.'

அரை நிமிடத்தில் பஞ்சாட்சரத்தின் அழைப்பு வந்தது. செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வாசலுக்கு வந்தாள்.

"வீட்டுக்கு எடுத்துனு போ சங்கீதா."

பெண் கை நீட்டவில்லை, அம்மாவைப் பார்த்தாள். மீனாம்பாள் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். நடுவில் பிரித்தாள். மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்து பார்த்தாள்.

"எலி நாத்தம் அடிக்குதேம்மா" என்றாள். சிரிக்கவில்லை. "பரவால்ல, எடுத்துனு போறோம். படிச்சி முடிச்சதும் வெயில்ல காய வெச்சித் திருப்பித் தர்றோம்."