லஸ் கார்னர்ஸின் நாலு பாட்டு

1972 செப்டம்பரில் ஒரு ரெக்கார்டு கம்பெனி லஸ் கார்னர்ஸ் என்ற ராக் குழுவை நாலு பாட்டு பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தது. குழுவில் மூன்றே பேர். மயிலாப்பூர் சங்கரன் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். டிரம்ஸ் ஷரஃபுதீன், சிந்தாதிரிப்பேட்டையில் அவன் அப்பா கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு செட் நடத்தினார். பேஸ் கிடார் நல்லசிவம்; அவன் அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. மூன்று வருஷமாக அபிராமபுரத்தில் சங்கரனின் சித்தப்பா வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. பாட்டெல்லாம் அவர்களே தமிழில் எழுதியவை. கல்லூரி விழாக்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எழுந்து ஆடுவார்கள்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் நல்லசிவத்தின் அப்பா கடையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரம். அவனுக்குக் கீழே நாலு தம்பி தங்கைகள். ‘என்னால் வர முடியாது, மன்னித்துவிடுங்கள்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினான்.

பதிவு நாள் கழிந்ததும் நண்பர்கள் இரண்டு தடவை கடைக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் மாடியில் வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆள் இல்லை என்று கடைப் பையனைச் சொல்லச் சொன்னான். பிறகு சங்கரன் உருக்காலையில் வேலை கிடைத்து பிலாய்க்குப் போனான், ஷரஃபுதீன் குவைத்துக்கு. ரெக்கார்டு வரவே இல்லை. தன்னால்தான் என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டான்.

முப்பத்தாறு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலை முழுக்க வழுக்கையான ஒருவர் கடைக்குள் வந்தார்.

“இன்னிக்காவது இருக்கியா, மாடியில ஒளிஞ்சிண்டிருக்கியான்னு பார்க்க வந்தேன்” என்றார். குரலை வைத்துத்தான் நல்லசிவத்துக்குச் சங்கரன் என்று தெரிந்தது.

“நான் மாடியில இருந்தது உனக்குத் தெரியுமா?”

“உன் செருப்பு வாசல்லயே கெடந்துதேடா.”

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார். “என்னாலதான உங்களுக்கு ரெக்கார்டு இல்லாமப் போச்சு.”

“யார் சொன்னா? கம்பெனியில வேற ஆளைத் தயாரா உட்கார வெச்சிருந்தா. ஷரஃபுதான் முடியாதுன்னான். நல்லசிவத்தோட அப்பா எழுந்து உட்காரட்டும், அப்புறம் மூணு பேரா வரோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லத்தான் ரெண்டு தடவை வந்தோம்.”

நல்லசிவம் கல்லாவை மூடிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சங்கரன் உட்கார்ந்தார். பிறகு, ஷரஃபு ஊருக்குத் திரும்பிவிட்டதையும், அடையாறில் ஒரு ஸ்டூடியோ பேசி வைத்திருப்பதையும் சொன்னார்.

இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று நல்லசிவம் வீட்டில் கேட்டபோது மனைவி மீனாட்சி, “இத்தனை வருஷமா மேஜையில தாளம் போட்டுட்டுத்தான இருந்தீங்க. போயிட்டு வாங்க” என்றாள்.

ஒரு மாதப் பயிற்சியில் நல்லசிவத்தின் விரல் நுனிகள் கொப்புளித்து, உடைந்து, காய்த்தன.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்த முத்துலட்சுமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாளக் கணக்கு கேட்பதற்காக அவள் மாட்டிவிட்ட ஹெட்போனை ஷரஃபுதீன் கழற்றினார். “இது டக்கு டக்குனு அட்ச்சிக்கினே கீதும்மா. நான் இவங்க மூஞ்சியப் பார்த்துதான் வாசிப்பேன்.” அவள் தாளத்தை நிறுத்திவிட்டு, மூன்று பேரையும் ஒரே அறையில் எதிரெதிராக உட்காரவைத்தாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவது பாட்டு பேஸில் மட்டும் தொடங்கும். நல்லசிவம் ஐந்து முறை தொடங்கி ஐந்து முறையும் தவறவிட்டார்.

“வேற யாரையாவது வெச்சு...”

ஷரஃபுதீன் குச்சிகளைக் கீழே வைத்தார். “அன்னிக்கே வேற ஆளு வேணாம்னு சொல்ட்டேன். இன்னிக்கு இன்னாத்துக்கு அதே பேச்சு? நீ தப்பாவே வாசி நைனா. அங்கயே நான் வந்து சேர்ந்துக்கறேன்.”

ஆறாவது முறை நல்லசிவம் ஒரு இடத்தில் கொஞ்சம் தாமதித்தார். ஷரஃபுதீன் அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்து, அந்தத் தாமதத்திலேயே சரியாக வந்து சேர்ந்தார். அதன்பின் சங்கரன் பாடினார்; குரல் கனத்து, முன்னைவிட இரண்டு கட்டை இறங்கியிருந்தது. நல்லசிவம் அதற்கப்புறம் விரல்களைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்துலட்சுமி, “சார், இதையே வெச்சுக்கலாம்” என்றாள்.

நல்லசிவம் கடையில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நன்றி சொல்கிறவர். இந்த இரண்டு பேரிடம் அந்தச் சொல் வரவில்லை. இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நாலாவது பாட்டு எந்த சுருதியில?” என்று கேட்டார்.